ஜோதிமணி வண்டிக்கு வந்த கோளாறு

ஜோதிமணியைக் கோயில் வரிசையில் பார்த்தால், கொடைக்கானல் மலையில் லாரி ஓட்டுகிறவள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஒல்லியான உடம்பு, மெதுவான பேச்சு. யாராவது இடித்துக்கொண்டு முன்னால் போனால்கூட ஒதுங்கி வழி விடுவாள். அதே ஆள் ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் வேறு. சவரிக்காட்டுக்கு மேலே வளைவில் ஒரு கார் பின்னால் நின்று ஹாரனைப் போட்டு அலறினாலும் அசையமாட்டாள். ஒதுங்க இடம் வரும்போதுதான் விடுவாள். "அவசரம்னா நேத்தே கெளம்பியிருக்கணும்" என்பாள். அதையும் மெதுவாகத்தான் சொல்வாள்.

நான் ராஜகுமாரி. பழனியிலிருந்து பாலசமுத்திரம் போகிற சாலையில் வண்டிகளுக்கு சீட் கவர் தைக்கும் கடை வைத்திருக்கிறேன். எனக்குச் சட்டென்று கோபம் வரும். தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஜோதிமணிக்குக் கோபம் வந்து நான் பார்த்ததேயில்லை. அதனால்தான் அவளை எனக்குப் பிடிக்கும். அதனாலேயே அவள்மேல் எரிச்சலும் வரும். தன்மேல் தப்பே இல்லாத இடத்தில்கூட, தப்பு தன்னுடையதாக இருக்குமோ என்று யோசிக்கிற ஜாதி அவள்.

அந்தச் சின்ன லாரி முதலில் அவள் புருஷன் செல்வமுருகனுடையது. இன்னொருவர் ஓட்டிய வண்டியாக வாங்கினான். பழனியிலிருந்து அரிசி, மளிகை, உரம் ஏற்றிக்கொண்டு மேல்மலையிலிருக்கும் கவுஞ்சி கிராமத்துக்குப் போவான். அங்கிருந்து கேரட், பூண்டு, உருளைக்கிழங்கு ஏற்றிக்கொண்டு கீழே இறங்குவான். நன்றாகத்தான் ஓடியது. பிறகு சர்க்கரை வந்து கண்ணைப் பிடித்துக்கொண்டது. ஒருநாள் பெருமாள்மலையில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தவன், "வளைவு ரெண்டா தெரியுது, எதுல திருப்புறதுன்னு தெரியல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான். பாவம், அதற்குப் பிறகு அவன் ஸ்டியரிங்கைத் தொடவில்லை.

கவுஞ்சியில் அப்போது கேரட் பிடுங்கி மூட்டை கட்டிப் போட்டிருந்தார்கள். அவர்கள் வேறு வண்டி பார்க்கும்வரை சும்மா இருப்பானேன் என்று ஜோதிமணி கிளம்பினாள். கல்யாணத்துக்கு முன்பே அப்பா தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவள், லைசென்ஸும் வைத்திருந்தாள். கூட ஒரு டிரைவரை உட்கார வைத்துக்கொண்டு சில நடை போய்ப் பழகினாள். பிறகு தனியாகப் போனாள். வேறு வண்டி பார்க்கிற பேச்சு அப்படியே நின்றுபோனது. கவுஞ்சிக்காரர்களுக்கு அவளைப் பிடித்துப்போய்விட்டது. தக்காளிக் கூடையைக்கூடப் பிள்ளையைத் தூக்கி வைப்பதுபோல் அடுக்குகிற டிரைவர் அவர்களுக்கு வேறு எங்கே கிடைப்பார்?

வீட்டில்தான் முணுமுணுப்பு. செல்வமுருகனின் தம்பி சேனாதிபதி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். "மதினி, உங்களுக்கு எதுக்கு இந்தச் சோலி? வண்டிய எங்கிட்ட விட்ருங்க. வீட்டுக்கு வேணுங்கறத நான் பாத்துக்கறேன்" என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வான். கெட்ட எண்ணத்தோடு சொல்கிறவனாக இருந்தால் நானே நாலு வார்த்தை விட்டிருப்பேன். அவன் நிஜமாகவே நல்லது நினைத்துத்தான் சொன்னான். அப்படிப்பட்டவனை என்ன செய்வது?

வண்டியில் ஒரு முருகன் உண்டு. உள்ளங்கை உயரம், பித்தளை, கையில் தண்டு. செல்வமுருகன் வண்டி வாங்கிய அன்றே வைத்தது. பசை நாடா போட்டு ஒட்டினால் மலையில் திருப்பும்போது சாமி சாய்ந்துவிடும் என்று, டாஷ்போர்டில் துளை போட்டு, திருகாணி வைத்து முடுக்கியிருந்தான். குருக்களை அழைத்து வந்து பூஜையும் செய்தான். ஜோதிமணியின் பிறந்த வீட்டார் மலைக்கோயிலுக்குப் பூக்கட்டிக் கொடுத்தவர்கள். ஒருதரம் முறையாக வைத்த சாமியை அசைக்கக் கூடாது என்பது அவளுக்குச் சின்ன வயதிலேயே ஊறிப்போன விஷயம். ஆகவே கிருத்திகைதோறும் அபிஷேகம் இருந்த இடத்திலேயே நடக்கும். பால், பன்னீர், கரைத்த சந்தனம், ஒரு கரண்டி பஞ்சாமிர்தம். சுற்றிலும் துணி விரித்து, வழிந்ததையெல்லாம் துடைத்தெடுத்து, டாஷ்போர்டைப் பளபளவென்று ஆக்கிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள்.

கோளாறு சின்னதாகத்தான் ஆரம்பித்தது. வெயில் கொளுத்தும்போது வைப்பர் தானாக ஓடும். வலது பக்கம் திரும்ப விளக்குப் போட்டால் இரண்டு பக்கமும் மினுக்கும். ஒருநாள் பெருமாள்மலை செக்போஸ்ட்டில் நிற்கும்போது ஹாரன் தானாக ஊத ஆரம்பித்து நிற்கவே இல்லையாம். "என்னம்மா, அவ்வளவு அவசரமா?" என்று போலீஸ்காரர் கேட்டாராம். ஹாரனைத் தொடுவதையே மரியாதைக்குறைவாக நினைக்கிறவளுக்கு இப்படி ஒரு அவமானம்! இதைச் சொல்லும்போது அவளே சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன்.

ஆனால் அடுத்து நடந்தது சிரிப்பதற்கில்லை. பூண்டு மூட்டையோடு சாயங்காலம் இறங்கிக்கொண்டிருந்தாள். பனி இறங்கி ரோடு பாதிதான் தெரிந்தது. ஒரு வளைவில் திருப்புகிற நேரம், முன்விளக்கு இரண்டும் பொட்டென்று அணைந்துவிட்டன. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். மலைப் பக்கம் ஒட்டி நிறுத்தி, பின்னால் வந்த வண்டிக்காரரை முன்னே விட்டு, அவருடைய சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே அடிவாரம்வரை வந்து சேர்ந்தாள்.

மறுநாள் என் கடையில் வந்து உட்கார்ந்தபோது முகம் வெளுத்துப்போயிருந்தது. "சாமியே வேண்டாங்குது போலருக்குக்கா" என்றாள். "பொம்பள இந்தத் தொழிலுக்கு வரக்கூடாதுன்னு சொல்லுதோ என்னமோ. அவரு ஓட்டுறப்ப வண்டி இப்படியா பண்ணுச்சு?"

"ஏண்டி, பழைய வண்டின்னா மக்கர் பண்ணத்தான் செய்யும். சாமிக்கு வேற வேலை இல்லையா?" என்று சத்தம் போட்டேன். அவள் தலையாட்டினாள். ஆனால் என் பேச்சு அவள் காதோடு நின்றுவிட்டது என்று தெரிந்தது. அந்த வாரத்திலிருந்து கிருத்திகையோடு செவ்வாய்க்கிழமைகளிலும் அபிஷேகம் செய்ய ஆரம்பித்தாள். தேனும் இளநீரும் கூடுதலாகச் சேர்ந்தன.

எனக்கு அடுத்த கடை ஷபீருடையது. நடுவில் ஒரே சுவர். வண்டிகளுக்கு எலக்ட்ரிக் வேலை செய்கிறவன்; நிதானமான பையன். அவன் வாப்பா ஜலீல் பாய் கோயில் அடிவாரத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். ஜோதிமணியின் வண்டியை அவன்தான் பார்த்தான். ஃபியூஸ்களைப் பார்த்தான், எர்த் வயரை மாற்றினான். கடைசியில் லேப்டாப்பை மாட்டிப் பார்த்துவிட்டு எங்களைக் கூப்பிட்டான்.

"லைட்டு, வைப்பர், ஹாரன், கதவுப் பூட்டு, இதுக்கெல்லாம் ஒரே பெட்டிதாங்க்கா உத்தரவு போடுது. பாடி கண்ட்ரோல் மாட்யூல்னு பேரு. நீங்க சுவிட்சத் தட்டுனா அது நேரா லைட்டுக்குப் போகாது, இந்தப் பெட்டிகிட்டதான் போய்ச் சொல்லும். இப்ப அது கிறுக்குப் பிடிச்சுக் கெடக்கு."

புதுப் பெட்டி அந்தப் பழைய மாடலுக்கு இப்போது வருவதில்லை. மதுரையில் வண்டி உடைக்கிற இடத்தில் சொல்லி வைத்து, அதே மாடல் வண்டியிலிருந்து கழற்றிய பெட்டி ஒன்றை வரவழைத்தான். கெட்டுப்போன பெட்டியை அவர்களே வாங்கிக்கொண்டார்கள். பெட்டி இருந்த இடத்தில் ஈரக்கசிவு இருந்ததைப் பார்த்த ஷபீர், மேல்மலை மழைதான் முன்கண்ணாடி ரப்பர் வழியாக இறங்குகிறது என்று முடிவு கட்டி ரப்பரையும் மாற்றினான். வேறு வண்டியின் பெட்டி ஆதலால் இந்த வண்டிச் சாவியை அதற்கு அடையாளம் தெரியவில்லை. லேப்டாப்பை வைத்து அரைநாள் மல்லுக்கட்டிச் சாவியைப் பழக்கிவிட்டான். வண்டி சொன்னபடி கேட்டது. ஜோதிமணி மறுபடி கவுஞ்சிக்குப் போக ஆரம்பித்தாள்.

அடுத்த கிருத்திகைகூட முழுசாகத் தாண்டவில்லை. பூம்பாறைக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு இறங்கியவளை வெளியே விட்டுக் கதவுகள் தானாகப் பூட்டிக்கொண்டன. நல்லவேளை, சாவி கையில் இருந்தது; திறந்து உள்ளே போனால் முன்விளக்கு எரியவில்லை. பகலிலேயே மெல்ல ஓட்டி இறக்கிக்கொண்டு நேரே ஷபீர் கடைக்கு வந்தாள்.

"இந்தத் தடவை நல்லாச் சரி பண்ணிக் குடுத்துருங்க தம்பி" என்றாள். "வெள்ளிக்கெழமை கொழுந்தன் வந்து எடுத்துக்குவாரு. இனி அவருதான் ஓட்டப்போறாரு."

எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. "அவன் ஓட்டுனா மட்டும் வண்டி கெடாதா?" என்றேன்.

"கெடாதுக்கா. ஒருதரம்னா தற்செயல்ங்கலாம். பெட்டிய மாத்தியும் கேக்கலன்னா என்ன அர்த்தம்? நானும் எவ்வளவோ வேண்டிக்கிட்டேன். எம்மேல கோவம் போகல." கண்ணில் தண்ணீர் இல்லை. அழுது முடித்துவிட்டு வந்திருக்கிறாள் என்று தெரிந்தது. கவுஞ்சிக்காரர்களிடமும் சொல்லிவிட்டாளாம். வீட்டில் செல்வமுருகனோடு இருந்து, கோயிலுக்குப் பூக்கட்டிக்கொண்டு காலத்தை ஓட்டப்போகிறேன் என்றாள். அந்த மலையும் அந்த வண்டியும்தான் அவளை நிமிர்ந்து நடக்க வைத்தவை. அதை விட்டுக்கொடுப்பதைக்கூட ஏதோ கடன் தீர்ப்பதுபோல அமைதியாகச் சொன்னாள்.

ஷபீர் கோயம்புத்தூரில் ஆள் பிடித்து இன்னொரு பெட்டிக்குச் சொன்னான். கெட்ட பெட்டியைக் கழற்றி, எங்கள் இருவருக்கும் பொதுவான சுவர் ஓரம் வைத்திருந்தான்.

அன்று மத்தியானம் என் கடைக்குள் எறும்பு வர ஆரம்பித்தது. ஆயக்குடிக் கொய்யா வாங்கி வைத்திருந்தேன், அதற்குத்தான் வருகிறது என்று எடுத்து உறியில் மாட்டினேன். எறும்பு கொய்யாவைச் சட்டை செய்யவில்லை. தைத்து முடித்த வெள்ளை ரெக்ஸின் மேல் வரிசை கட்டிச் சுவர் ஓட்டை வழியாக அடுத்த கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் விளக்குமாற்றோடு எறும்பு போன வழியே நானும் போனேன்.

"ஏலே ஷபீரு, பெட்டிக்குள்ள மிட்டாயா ஒளிச்சு வச்சிருக்க?"

அவன் திரும்பிப் பார்த்தான். பெட்டி முழுக்க எறும்பு. தட்டித் தட்டி எறும்பை உதிர்த்து, திருகாணிகளைக் கழற்றி மூடியைத் திறந்தான். உள்ளே தகட்டின் மேல் பச்சை பூத்திருந்தது. ஓரங்களில் வெள்ளையாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. மூலையில் பிசுபிசுவென்று ஒரு பழுப்பு. முகர்ந்து பார்த்தேன். பழனியில் பிறந்தவளுக்கு அந்த வாசனையைச் சொல்லித்தர வேண்டுமா? பஞ்சாமிர்தம்.

இரண்டு பேரும் வண்டிக்கு ஓடினோம். முருகனுக்கு நேர் கீழேதான் பெட்டி வைக்கிற இடம். திருகாணித் துளையைச் சுற்றி வந்த பால் எல்லாம் அந்த வழியாகவே இறங்கியிருக்கிறது. மேலே துடைத்ததுதான் மிச்சம். வண்டி கெடக் கெட இவள் அபிஷேகத்தைக் கூட்டியிருக்கிறாள். அபிஷேகம் கூடக் கூட வண்டி கெட்டிருக்கிறது. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"போன் போடு, இப்பவே சொல்லு" என்றேன்.

ஷபீர் போனை எடுக்கவில்லை. "நான் எப்படிக்கா சொல்ல? உங்க சாமிக்கு ஊத்துனதாலதான் வண்டி கெட்டுப்போச்சுன்னு எங்க வாயால வந்தா அது எப்படிக் காதுல விழும்? ஜோதியக்கா ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க. கேக்குற நாலு பேரு?"

"அப்ப நான் சொல்றேன்."

"நீங்க சொன்னா இன்னும் மோசமாப் போயிரும்க்கா."

சுருக்கென்றது. ஆனால் அவன் சொன்னது உண்மை. நான் சொல்லியிருந்தால் முதல் வார்த்தையே 'அடி கூறு கெட்டவளே' என்றுதான் வந்திருக்கும். ஏற்கெனவே சாமி தன்மேல் கோபமாக இருக்கிறது என்று குமைந்துகொண்டிருக்கிறவள், இதையும் தன் பாவக்கணக்கில் சேர்த்துக்கொள்வாள்.

வெள்ளிக்கிழமை காலையில் கோயம்புத்தூர்ப் பெட்டி வந்துவிட்டது. ஷபீர் அதைத் தொடாமல் அடிவாரத்துக்குப் போய், வாப்பா கடையிலிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் தாம்பாளம் எடுத்து வந்தான். ஓரத்தில் துளை போட்டு, மூக்கு மாதிரி ஒரு குழாயைப் பற்றவைத்தான். வைப்பருக்குத் தண்ணீர் போகிற ரப்பர் குழாயில் மூன்று முழம் வெட்டி அதில் சொருகிப் பார்த்துக்கொண்டான்.

மத்தியானத்துக்கு மேல், வண்டியைக் கொழுந்தனிடம் ஒப்படைக்க ஜோதிமணி வந்தாள். ஷபீர் பெஞ்சைத் துடைத்து அவளை உட்கார வைத்தான்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? கோயில்ல அபிஷேகம் பண்றாங்கல்ல, அந்தப் பாலெல்லாம் எப்படி வெளிய போகும்?"

"கோமுகி வழியாப் போகும் தம்பி. ஏன்?"

"உங்க வண்டியில கோமுகி இல்லைங்க்கா" என்றான் ஷபீர். திறந்த பெட்டியை அவள் கையில் கொடுத்தான்.

அவள் பெட்டியைப் பார்த்தாள். வண்டிக்குள் முருகனைப் பார்த்தாள். எழுந்து போய்த் திருகாணிப் பக்கம் விரலை வைத்துத் தடவி முகர்ந்து பார்த்தாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். ஷபீர் என்னை ஒரு பார்வை பார்த்தான். மூடிக்கொண்டேன்.

அவள் திரும்பி, "அன்னைக்கு அந்த வளைவுல லைட்டு அணைஞ்சதும் இதனாலதானா?" என்றாள்.

"ஆமாங்க்கா. காலண்டரப் பாத்தேன். அதுக்கு மொத நாள் கிருத்திகை."

"அப்ப... அப்ப எம்மேல கோவம் இல்லையா தம்பி?"

குருக்களிடம் கேட்க வேண்டிய கேள்வியை ஷபீரிடம் கேட்கிறோம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அவனுக்குத் தோன்றியிருக்கும். கையைத் துணியில் துடைத்துக்கொண்டான்.

"கோவமா? நீங்க ஊத்துனதுல ஒரு சொட்டுக்கூட வேண்டாம்னு சொல்லலைக்கா. எல்லாத்தையும் ஏத்துக்கிட்டாரு. நடுவுல எங்க பெட்டிதான் குறுக்க உக்காந்துக்கிட்டு இருந்துச்சு."

ஜோதிமணி சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே வண்டிப் படியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எனக்கும் தாங்கவில்லை. எத்தனை செவ்வாய்க்கிழமை இந்தப் பெண் தண்டனைக்கு நிற்கிறவள் மாதிரி அந்தப் பித்தளைச் சாமி முன்னால் நின்றிருப்பாள்!

பிறகு வேலை மளமளவென்று நடந்தது. தாம்பாளம் வைக்க வேண்டுமானால் சாமியை எடுத்தாக வேண்டும். ஷபீர் அதைச் சொல்லத் தயங்கியபோது அவளே, "திருப்பணின்னா பாலாலயம் பண்ணி வைக்கிறதுதானே" என்று கும்பிட்டுவிட்டுத் திருகாணியைக் கழற்றினாள். கோயிலில் வேலை நடக்கும்போது சாமியைத் தற்காலிகமாக வேறு இடத்தில் வைப்பார்கள், அதைச் சொன்னாள். என் கடையிலிருந்து புது ரெக்ஸின் துண்டு ஒன்றைக் கொடுத்தேன். அதன்மேல் முருகன் பக்கத்து சீட்டில் வீற்றிருந்தார். பழைய துளைகளைப் பசை போட்டு அடைத்து, தாம்பாளத்தைப் பதித்து, ரப்பர் குழாயை இன்ஜின் பக்கமாகக் கொண்டுபோய் வண்டிக்கு வெளியே தரையைப் பார்த்து விட்டான் ஷபீர். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, புதுப் பெட்டியைக் கொஞ்சம் தள்ளி உயரத்தில் மாட்டினான். எந்த வயர் எங்கே என்று மாறிவிடாமல் இருக்க என்னிடம் கலர் கலராக ரெக்ஸின் நறுக்கு வாங்கிக் கட்டியிருந்தான். லேப்டாப்பில் சாவியைப் பழக்கினான். சாவி விளக்கு மினுக்கி மினுக்கிக் கடைசியில் அணைந்ததும் வண்டி ஒரே தட்டில் கிளம்பியது.

சாமியைத் தாம்பாளத்தில் வைத்து முடுக்கி, ஜோதிமணி ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினாள். மூவரும் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தோம். சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. ஷபீர் உள்ளே கை விட்டுத் தடவிப் பார்த்து, "காஞ்சு கெடக்குக்கா" என்றான்.

சொன்னபடி சேனாதிபதி சாயங்காலம் வந்தான். விளக்கைப் போட்டுப் பார்த்தான், வைப்பரை ஓட்டினான், கதவைப் பூட்டித் திறந்தான். முகமெல்லாம் மலர்ச்சி. "அருமையா இருக்கே! சாவியக் குடுங்க மதினி."

"இல்ல தம்பி" என்றாள் ஜோதிமணி. "கவுஞ்சிக்குப் போன் பண்ணிட்டேன். பூண்டு மூட்டை போட்டு வச்சிருக்காங்க. நாளைக்கு வெள்ளனே நான் கெளம்பணும்."

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. "சாமிக்குக் கோவம், அதான் இப்படி ஆகுதுன்னு நீங்கதான மதினி சொன்னீங்க?"

"கோவமெல்லாம் ஒண்ணும் இல்லையாம்" என்று சொல்லிக்கொண்டே வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். "நான் கேட்டுட்டேன்."

யாரிடம் கேட்டாள் என்று அவன் என்னைப் பார்த்தான். நான் ஷபீரைப் பார்த்தேன். அவன் குனிந்து ஸ்பானர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தான்.